‘சொன்னார்’னு போட்டா போதாதா? ஆங்கிலச் செய்தியில் ஒரு வினைச்சொல் மாறினால் என்ன ஆகும்?

ஒருவர் பேசுகிறார். அதை நாம் எழுதுகிறோம். கடைசியில் ‘என்று சொன்னார்’ என முடிக்கிறோம். இதில் என்ன பெரிய விஷயம் இருக்கு? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு நைட் ஷிப்ட். ஆங்கிலத்தில் ஒரு சின்ன செய்தி வந்தது. திருட்டு வழக்கில் பிடிபட்ட இளைஞர் ஒருவர், சம்பவம் நடந்த நேரத்தில் தான் அந்தத் தெருவில் இருந்ததை ‘அட்மிட்’ செய்தார் என்று போலீஸ் தரப்பு சொன்னதாக அதில் இருந்தது. நான் போட்ட தலைப்பு, ‘குற்றத்தை ஒப்புக்கொண்ட இளைஞர்’. நோட்டிபிகேஷனும் போய்விட்டது. காலையில் அவருடைய அண்ணன் ஆபீஸுக்கு போன் செய்தார். கத்தவில்லை, திட்டவில்லை. “சார், என் தம்பி எதை ஒப்புக்கிட்டான்னு போட்டிருக்கீங்க? அங்க இருந்தேன்னுதானே சொன்னான். எங்க வீடே அந்தத் தெருவுலதான் சார் இருக்கு” என்றார்.

தலைப்பை மாற்றினோம். ஆனால் மொபைலுக்குப் போய்ச் சேர்ந்த நோட்டிபிகேஷனைத் திரும்ப வாங்க முடியாது.

தப்பு என்னுடையது. ஆனால் அந்த ஆங்கில வாக்கியத்திலும் ஒரு சின்ன முள் இருந்தது. சொந்த வீடு இருக்கும் தெருவில் நின்றதை ஒருவர் ‘சொன்னார்’ என்று எழுதியிருந்தால் அது வெறும் தகவல். ‘அட்மிட்’ என்றதும் அது குற்றத்தில் பாதி ஆகிவிடுகிறது. அந்தப் பாதியை நான் முழுசாக்கிவிட்டேன்.

‘செட்’ ஏன் எல்லோருக்கும் பிடிக்கும்?

ஒரு கருத்தை ‘இது இன்னார் சொன்னது’ என்று அவர் தலையில் ஏற்றிவைக்கும் வினைச்சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். செட், டோல்ட், க்ளெய்ம்டு, அலெஜ்டு, அட்மிட்டட், டினைடு, ரிவீல்டு, வார்ன்டு, இன்சிஸ்டட் என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் டிக்‌ஷனரியில் தேடினால் கிட்டத்தட்ட ‘சொன்னார்’ என்றுதான் வரும். ஆனால் ஒவ்வொன்றும் சொல்வதோடு நிறுத்துவதில்லை. சொன்னது உண்மையா, சொன்னவர் நம்பத்தக்கவரா, சொல்லும்போது அவர் மனதில் என்ன இருந்தது என்று கூடவே எதையாவது சொல்லிவிடும்.

‘சே’ என்பதன் இறந்தகாலமான ‘செட்’ மட்டும்தான் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். அசோசியேட்டட் பிரஸ், ராய்ட்டர்ஸ் மாதிரியான செய்தி நிறுவனங்களும் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகையும் தங்கள் எழுத்து நடைக் கையேடுகளில் இந்தச் சொல்லையே முதலில் விரும்புவது இதனால்தான். ஒரே பக்கத்தில் பத்து முறை வந்தாலும் பரவாயில்லை. வாசகர் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

கதை எழுதுபவர்களிலும் இந்தக் கட்சி உண்டு. அமெரிக்க க்ரைம் எழுத்தாளர் எல்மோர் லெனார்ட் 2001-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய எழுத்து விதிகளில் ஒன்று, உரையாடலைத் தாங்க ‘செட்’ தவிர வேறு வினைச்சொல் வேண்டாம் என்பது. நம்ம ஸ்கூலில் இதற்கு நேர் எதிராகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதினால் மார்க் குறையும். அந்தப் பழக்கத்தோடு நியூஸ் டெஸ்க்குக்கு வந்தால், முதல் பத்தியில் ‘கூறினார்’, இரண்டாவதில் ‘சுட்டிக்காட்டினார்’, மூன்றாவதில் ‘விளக்கினார்’ என்று அழகுக்காக மாற்றி மாற்றிப் போடத் தோன்றும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

‘ஆனால் அது உண்மையில்லை’ டெஸ்ட்

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ‘ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார், ஆனால் அது உண்மையில்லை.’ இந்த வாக்கியத்தில் இடறல் எதுவும் இல்லை. இப்போது, ‘ஸ்டாக் தீர்ந்துவிட்டதை கடைக்காரர் சுட்டிக்காட்டினார், ஆனால் அது உண்மையில்லை.’ எங்கேயோ இடிக்கிறது இல்லையா? இல்லாததை எப்படிச் சுட்டிக்காட்ட முடியும்?

ஆங்கிலத்தில் பாயின்ட்டட் அவுட், ரிவீல்டு, அட்மிட்டட், அக்னாலெட்ஜ்டு, லேர்ன்ட், ரியலைஸ்டு எல்லாம் இந்த ரகம். எழுதுபவர் பின்னால் வரும் செய்தியை உண்மை என்று ஏற்றுக்கொண்டால்தான் இவை சரியாகப் பொருந்தும். மொழியியலில் இந்த மாதிரி வினைகளை ‘ஃபேக்டிவ்’ என்பார்கள். பால் கிபார்ஸ்கி, கரோல் கிபார்ஸ்கி இருவரும் 1970-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் பரவலானது.

இது ஏதோ கிளாஸ்ரூம் விஷயம் என்று நினைத்தால், ஒரு போருக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2003 ஜனவரி 28. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்துகிறார். சதாம் உசேன் அண்மையில் ஆப்பிரிக்காவிலிருந்து பெருமளவு யுரேனியம் வாங்க முயன்றதை பிரிட்டன் அரசு ‘லேர்ன்ட்’, அதாவது அறிந்திருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொன்னார். ஆங்கிலத்தில் சரியாக 16 வார்த்தைகள். பின்னாளில் ‘பதினாறு வார்த்தைகள்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

அந்த வாக்கியத்தின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். பொறுப்பு பிரிட்டன் தலையில். ஆனால் வினைச்சொல் ‘நம்புகிறது’ இல்லை, ‘சொல்கிறது’ இல்லை, ‘அறிந்திருக்கிறது’. கேட்பவர் காதில் விழுவது, யுரேனியம் வாங்க முயன்றது நடந்த விஷயம் என்றுதான். நாமே சொல்லவில்லை என்று ஒதுங்கவும் முடிகிறது, உண்மைதான் என்று நம்பவைக்கவும் முடிகிறது. ஒரே வினைச்சொல்லில் இரண்டு வேலை.

மார்ச் 20-ல் போர் தொடங்கியது. ஜூலையில், நைஜர் நாட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த முன்னாள் தூதர் ஜோசப் வில்சன் இந்தத் தகவலைக் கேள்விக்கு உட்படுத்தி நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அடுத்த சில நாட்களில், அந்த வாக்கியம் உரையில் இடம்பெற்றிருக்கவே கூடாது என்று வெள்ளை மாளிகையே சொல்லும் நிலை வந்தது. சி.ஐ.ஏ. இயக்குநர் ஜார்ஜ் டெனட் ஜூலை 11-ல் அதற்குப் பொறுப்பேற்று அறிக்கை விட்டார். பிரிட்டன் தரப்பு மட்டும் தங்கள் தகவலுக்கு அடிப்படை இருந்தது என்ற நிலையில் நின்றது. அதனால், ‘பிரிட்டன் நம்புகிறது’ என்று சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்தில் பெரிய தப்பு இருந்திருக்காது. அது கேட்பவரை அந்த அளவுக்கு அசைத்திருக்காது என்பதும் உண்மை.

நம்பவில்லை என்று சொல்லாமல் சொல்வது

எதிர்த் திசையில் இழுக்கும் சொற்களும் உண்டு. அதில் ரொம்ப ஆபத்தானது ‘க்ளெய்ம்’. தமிழில் ‘க்ளெய்ம்’ என்றால் இன்ஷூரன்ஸ் ஞாபகம்தான் வரும். ஆங்கிலச் செய்தியில் ஒருவர் ‘க்ளெய்ம்’ செய்தார் என்றால், அவர் சொல்கிறார், ஆனால் எங்களுக்கு சந்தேகம் இருக்கு என்று அர்த்தம் வந்துவிடும். மந்திரி சொன்னதற்கு ‘செட்’, அவரை எதிர்த்து ஊர்க்காரர் சொன்னதற்கு ‘க்ளெய்ம்டு’ என்று ஒரே செய்தியில் வருவதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டு பேர் சொன்னதற்கும் ஆதாரம் ஒரே அளவில்தான் இருக்கும். வினைச்சொல் மட்டும் ஒருவருக்கு நாற்காலி போட்டு, இன்னொருவரை நிற்கவைத்துவிடும்.

‘அலெஜ்’ என்பது குற்றம் சாட்டுவது. நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு என்ற அர்த்தம் அதற்குள்ளேயே இருக்கு. வழக்குச் செய்திகளில் இது தேவைதான். ஆனால் ‘அலெஜ்டு’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் கேஸ் வராது என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. அது தப்பு. ஒருவர் சொன்ன அவதூறை நீங்கள் திருப்பிச் சொன்னாலும் உங்களுக்கும் பொறுப்பு வரலாம். இங்கிலாந்தின் அவதூறுச் சட்டத்தில் இதற்கு ‘ரெபிடிஷன் ரூல்’ என்றே பெயர் இருக்கு. ‘அலெஜ்டு’ ஹெல்மெட் மாதிரி. போட்டுக்கொண்டு சுவரில் போய் முட்டக்கூடாது.

‘கன்ஃபெஸ்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார், போலீஸ் தகவல்’ என்று தினமும் படிக்கிறோம். இந்தியச் சட்டத்தில், போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் அது 23-வது பிரிவு. போலீஸ் காவலில் ஒருவர் கொடுத்த தகவலால் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் விதிவிலக்கு. கோர்ட்டே ஏற்காத ஒன்றை நாம் தலைப்பில் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். அந்த அண்ணன் போன் செய்த பிறகுதான் நான் இந்தப் பிரிவையே தேடிப் படித்தேன்.

‘மறுத்தார்’ என்பதற்குள் எத்தனை மறுப்பு?

இது எங்களுக்கு தினசரித் தலைவலி. ‘டினை’ என்றால் இல்லை என்று சொல்வது. ‘ரெஃப்யூட்’ என்றால், கறாராகப் பார்த்தால், ஆதாரத்தோடு தவறு என்று நிரூபிப்பது. இரண்டையும் தமிழில் ‘மறுத்தார்’ என்றே எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்திலேயே இப்போது பலர் இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை. வாதத்தில் ஜெயித்துவிட்டார் என்று நாமே தீர்ப்பு சொன்னது போல ஆகிவிடும் என்பதால் ‘ரெஃப்யூட்’ வேண்டாம், ‘டினை’ போன்ற சொற்களைப் போடுங்கள் என்கிறது அசோசியேட்டட் பிரஸ் கையேடு.

அதே மாதிரிதான் ‘டிக்ளைன்டு டு காமென்ட்’. கேட்டோம், கருத்து சொல்ல விரும்பவில்லை என்றார் என்று அர்த்தம். போனையே எடுக்கவில்லை என்றால் அதற்கு வேறு வாக்கியம். மெயிலுக்கு பதில் வரவில்லை என்றால் அதுவும் வேறு. மூன்றையும் ‘கருத்து கூற மறுத்துவிட்டார்’ என்று எழுதினால், மீட்டிங்கில் இருந்ததால் போன் எடுக்காத மனிதர்கூட எதையோ மறைப்பவராகத் தெரிவார்.

கோர்ட் ‘சொன்னது’ எப்போது உத்தரவு ஆகும்?

2021 ஏப்ரல் 26. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தை நோக்கிப் போன நேரம். தேர்தல் பிரசாரக் கூட்டங்களைத் தடுக்காததற்காக, தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே போட வேண்டியிருக்கும் என்ற ரீதியில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையின்போது கடுமையாகப் பேசியது. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் அது வாய்மொழிக் கருத்து. எழுத்துபூர்வமான உத்தரவில் அந்த வரி இல்லை.

தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. மே 6-ல் தீர்ப்பு வந்தது. அந்த வார்த்தைகள் கடுமையானவை, உவமை பொருத்தமில்லாதது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அவை நீதிமன்றப் பதிவின் பகுதியாகவே இல்லாததால் நீக்க வேண்டிய கேள்வியே எழவில்லை என்றது. கோர்ட்டில் நீதிபதிகள் வாய்மொழியாகப் பேசுவதை மீடியா வெளியிடக்கூடாது என்ற கோரிக்கையையும் ஏற்கவில்லை.

ஆக, எழுதலாம். ஆனால் எந்த வினைச்சொல் போட்டு எழுதுவது? ஆங்கிலச் சட்டச் செய்திகளில் இதற்குப் படிநிலை உண்டு. விசாரணையில் போகிற போக்கில் பேசினால் ‘ரிமார்க்டு’, அல்லது ‘ஓரலி அப்சர்வ்டு’. சட்டக் கேள்வி ஒன்றுக்குத் தீர்ப்பில் முடிவு சொன்னால் ‘ஹெல்டு’. இதைச் செய் என்று கட்டளையிட்டால் ‘ஆர்டர்டு’ அல்லது ‘டைரக்டட்’. தமிழில் இவை எல்லாமே ‘ஹைகோர்ட் அதிரடி’ என்ற ஒரே அண்டாவில் போய் விழுகின்றன. ‘அப்சர்வ்டு’ என்று வந்ததைப் படித்துவிட்டு, நாளையிலிருந்து ஏதோ மாறப்போகிறது என்று ஒருவர் நம்பினால் அந்தப் பழி எங்களைத்தான் சேரும்.

குரைத்தார், சிரித்தபடி சொன்னார்

எப்படிச் சொன்னார் என்று காட்டும் வினைகளும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்க இதழியல் பேராசிரியர் ஜான் மெரில் 1965-ல், டைம் பத்திரிகை மூன்று அதிபர்களைப் பற்றி எழுதிய விதத்தை ஆராய்ந்தார். ட்ரூமன் பேசியதைக் குறிக்கும் சொற்களில் சிடுசிடுப்பும் வெடுவெடுப்பும் தூக்கலாக இருந்தன. ஐசனோவர் பேசினால் சிரிப்பும் கனிவும் சேர்ந்து வந்தன. கென்னடி விஷயத்தில் அந்த அளவு சாய்வு இல்லை. பொய்ச் செய்தி எதுவும் எழுதாமலேயே, ‘சொன்னார்’ என்ற இடத்தை மட்டும் மாற்றி ஒரு மனிதரைப் பற்றிய எண்ணத்தை உருவாக்கிவிட முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கில ‘செட்’டில் மரியாதை விகுதி கிடையாது. அதிபரும் ‘செட்’, ஆட்டோ டிரைவரும் ‘செட்’, கைதியும் ‘செட்’. தமிழில் ‘என்றார்’, ‘என்றான்’ என்று முடிவிலேயே நாம் ஆளை எடை போட்டுவிடுகிறோம். கைதானவுடன் ஒருவர் ‘கூறினான்’ ஆவதும், விடுதலை ஆனால் மறுபடி ‘கூறினார்’ ஆவதும் நம் செய்திகளில் ரொம்ப காலம் நடந்த கதை. பி.ஏ. தமிழ் படிக்கும்போது விகுதியை இலக்கணமாக மட்டும்தான் பார்த்தேன்.

‘பொய் சொன்னார்’ என்பது இன்னும் கடினம். ஆங்கிலத்தில் ‘லை’ என்றால் தவறான தகவல் மட்டும் இல்லை, ஏமாற்றும் நோக்கமும் இருக்க வேண்டும். டொனால்ட் ட்ரம்ப் பேச்சுகள் விஷயத்தில் இது பெரிய விவாதமானது. நியூயார்க் டைம்ஸ் 2016-லேயே அந்தச் சொல்லைத் தலைப்பில் பயன்படுத்தியது. அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். 2017 ஜனவரியில், ஒருவர் மனதுக்குள் என்ன நோக்கம் இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்லி அதைத் தவிர்த்தது. இதில் நான் என்.பி.ஆர். பக்கம்தான் சாய்வேன். ‘அவர் சொன்னது தவறு, பதிவுகள் வேறு சொல்கின்றன’ என்று எழுதினாலே வேலை முடிந்துவிடுகிறது.

ஆய்வு ‘பரிந்துரைக்கிறது’ என்றால் உஷார்

ஹெல்த் செய்தி படிப்பவர்களுக்கு இது முக்கியம். ‘ஸ்டடி சஜஸ்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வருவதை ‘ஆய்வு பரிந்துரைக்கிறது’ என்று மொழிபெயர்த்து, காபி குடிக்கச் சொல்லி விஞ்ஞானிகள் பரிந்துரை என்ற அளவுக்குப் போய்விடுவார்கள். அங்கே ‘சஜஸ்ட்’ என்றால், அப்படி இருக்கலாம் என்று தோன்றுகிறது என்பதுதான். ‘ஃபவுண்ட்’ அதைவிட உறுதி. ‘ப்ரூவ்டு’ என்று எந்த நிதானமான ஆய்வாளரும் லேசில் எழுத மாட்டார். அதனால் செய்தியில் ‘ஆய்வில் நிரூபணம்’ என்று பார்த்தால், மூலத்தில் எந்த வினை இருந்தது என்று சந்தேகப்படுங்கள்.

கல்லூரியில் ஆங்கிலத்தில் ப்ராஜெக்ட் எழுதுபவர்கள் காலத்தையும் கவனிக்க வேண்டும். உளவியல், சமூக அறிவியல் பக்கம் அதிகம் பயன்படும் ஏ.பி.ஏ. முறையில், முந்தைய ஆய்வுகளை ‘ஃபவுண்ட்’, ‘ஹேவ் ஷோன்’ என்று கடந்த காலத்தில் சொல்வார்கள். இலக்கியம் படிப்பவர்கள் பின்பற்றும் எம்.எல்.ஏ. முறையில் ‘ஆர்க்யூஸ்’ என்று நிகழ்காலம். எழுதியவர் இறந்து நூறு வருடம் ஆகியிருந்தாலும் நிகழ்காலம்தான்.

நாம் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

ஆபீஸ் மெயிலில் ‘ஹி டோல்ட் தட்’ என்று எழுதுவோம். ‘டோல்ட்’ வந்தால் யாரிடம் என்று உடனே சொல்ல வேண்டும், அதனால் ‘ஹி டோல்ட் மீ தட்’. ‘செட்’டுக்கு அது தேவையில்லை. யாரிடம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் நடுவில் ‘டு’ வரணும். ‘ஹி செட் மீ’ தப்பு. ‘இன்ஃபார்ம்டு’ம் ‘டோல்ட்’ மாதிரிதான், ஆளைக் கேட்கும். போலீஸ் பிரஸ் ரிலீஸில் வரும் ‘ஹி இன்ஃபார்ம்டு தட்’ நம்ம ஊர் ஸ்பெஷல். ‘எக்ஸ்ப்ளெய்ன்டு மீ’ இல்லை, ‘எக்ஸ்ப்ளெய்ன்டு டு மீ’. ‘மென்ஷன்’ பின்னால் ‘அபவுட்’ வேண்டாம்.

‘அக்கார்டிங் டு’ என்பதை அடுத்தவர் சொன்னதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் ‘அக்கார்டிங் டு மீ’ என்று ஆரம்பித்தால், நீங்களே உங்களை மேற்கோள் காட்டுவது போல இருக்கும். ‘ஐ திங்க்’ போதும்.